தாத்தா வாங்கிய முன்பணத்துக்குப் பேத்தி கல் திருப்ப வேண்டுமா?

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்தாவது படிக்கும் ஒரு பெண் குழந்தையும் மூன்றாவது படிக்கும் அவள் தம்பியும் வருஷா வருஷம் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வருவதில்லை. ஜூலையில்தான் மறுபடி தலை தெரியும். இருளர் குடும்பம். இந்தத் தடவை விசாரித்துக்கொண்டு நேரிலேயே போனேன். பக்கத்து ஊர் செங்கல் சேம்பரில் (சூளையில்) தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் கல் அறுக்கிறார்கள், பிள்ளைகள் இரண்டும் காயும் கல்லைத் திருப்பிப் போடுகின்றன. முன்பணம் 60 ஆயிரம் பாக்கியாம். அதில் பாதிக்குமேல் அந்தக் குழந்தையின் தாத்தா வாங்கிவிட்டு இறந்துபோன கணக்கு. வாரம் ஒரு தடவை செலவுக்காசு மட்டும் தருகிறார்கள். உறவில் ஒரு சாவுக்குப் போவதற்குக்கூட அம்மாவை மட்டும்தான் விட்டார்களாம், பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். சேம்பர் உரிமையாளர்தான் எங்கள் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கிக் கொடுத்தவர். தலைமையாசிரியரிடம் சொன்னேன். "காசு வாங்கினால் வேலை செய்து கழிக்கத்தானே வேண்டும்? யாரும் கட்டிப்போட்டு வைக்கவில்லையே. இது காலங்காலமாக நடக்கிறது, நமக்கெதுக்கு டீச்சர்" என்கிறார். நான் புகார் கொடுத்தால் அந்த அப்பா ஜெயிலுக்குப் போய்விடுவாரா? குடும்பம் தெருவுக்கு வந்துவிடுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள டீச்சர், முதலில் உங்கள் மனதை அரிக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த அப்பா ஜெயிலுக்குப் போகமாட்டார். கொத்தடிமைச் சட்டத்தில் அவர் பாதிக்கப்பட்டவர், குற்றவாளி கிடையாது. பிள்ளைகளை வேலைக்கு விட்டதற்காகவும் அவரைத் தண்டிக்க மாட்டார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தம், முதல் தடவையாக இருந்தால் பெற்றோருக்குத் தண்டனை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் பார்த்தது கொத்தடிமை முறைதானா என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கொத்தடிமை என்றதும் சங்கிலி, சவுக்கு, பூட்டிய அறை என்று மனதில் ஒரு படம் வந்துவிடுகிறது. அந்தப் படத்துக்குப் பொருந்தாததை எல்லாம் "சும்மா வேலைதான்" என்று விட்டுவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. ஒன்று, இந்த வேலை எதிலிருந்து தொடங்கியது? முன்பணத்திலிருந்தா, வழக்கத்திலிருந்தா, முன்னோரிடமிருந்து வந்த கடமையிலிருந்தா, குறிப்பிட்ட சாதியில் பிறந்ததிலிருந்தா? இரண்டாவது, அதனால் அந்த மனிதர் எதை இழந்தார்? நியாயமான கூலியையா, வேறு வேலைக்குப் போகும் உரிமையையா, வெளியே போய்வரும் உரிமையையா, தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையையா? முதல் வரிசையில் ஒன்றும் இரண்டாம் வரிசையில் ஒன்றும் இருந்தாலே போதும்.

உங்கள் கடிதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பணம் இருக்கிறது. தாத்தாவிடமிருந்து வந்த பாக்கி இருக்கிறது. கூலி என்று ஒன்று கைக்கு வரவில்லை, செலவுக்காசுதான் வருகிறது. சாவுக்குப் போகும் அம்மாவிடம் "பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும்" என்று சொன்னது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அவர் திரும்பி வருவதற்கு அந்தப் பிள்ளைகள்தான் அடமானம். உங்கள் கடிதத்தில் ஆகக் கனமான சாட்சியம் அந்த ஒரு வரிதான். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

"யாரும் கட்டிப்போட்டு வைக்கவில்லையே" என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1982-இலேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. கட்டாயம் என்பது கையைக் கட்டுவது மட்டுமில்லை, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்வதும் கட்டாயம்தான், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பகவதி அமர்வு தீர்ப்பளித்தது.

அடுத்தது, காசு வாங்கினால் கழிக்க வேண்டாமா என்ற கேள்வி. உங்கள் தலைமையாசிரியர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றே நம்புகிறேன். நல்ல மனிதர்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள். ஆனால் இந்த நியாயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று 1843-இல் சட்டம் வந்தது. ஆளை ஆள் சொந்தம் கொண்டாட முடியாது என்று ஆனதும், அதே ஆட்களை அதே நிலத்தில் வைத்துக்கொள்ளக் கடன் பத்திரம் கைகொடுத்தது. கல்யாணத்துக்கு, சாவுக்கு, சாப்பாட்டுக்கு என்று கொடுத்த சிறு தொகை, ஒரு பண்ணையாளைக் காலத்துக்கும் கட்டிப்போட்டது. அப்புறம் 1859-இல் ஒரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது குற்றம், பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வேலையை முடி, மறுத்தால் சிறை என்றது அது. வெள்ளைக்கார முதலாளிகளின் வசதிக்காகப் போட்ட சட்டம். 1925-இல் அதை நீக்கினார்கள். சட்டப் புத்தகத்திலிருந்துதான் போனது. "முன்பணம் வாங்கியவன் ஓடினால் திருடன்" என்ற எண்ணம் ஊர்வாயில் நூறு வருஷமாக உயிரோடு இருக்கிறது. சூளையிலிருந்து தப்பி வந்த குடும்பத்தைத் தேடி வண்டி வரும்போது, ஊரே அவர்கள் இருக்கும் திசையைக் காட்டிக் கொடுப்பது அதனால்தான்.

இன்றைய சட்டம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. 1975 அக்டோபர் 25-ஆம் தேதியிலிருந்து கொத்தடிமை முறை ஒழிந்தது, கொத்தடிமைக் கடனும் ஒழிந்தது. அந்தக் கடனைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. தீர்ந்துபோன கடனுக்காகக் கடன் கொடுத்தவர் பணம் வாங்கினால் அதற்கே மூன்று வருஷம் வரை சிறை. கொத்தடிமையாக வேலை வாங்குவதற்கும், அதற்காக முன்பணம் கொடுப்பதற்கும்கூட மூன்று வருஷம் வரை சிறை. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று உரிமையாளர் சொன்னால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அவர் தலையில்தான். அந்தத் தாத்தாவின் பாக்கி பேரனையோ பேத்தியையோ ஒருநாளும் தொட முடியாது. பரம்பரையாக வரும் கடமை என்று சட்டமே பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது, அது நடக்கிறது என்று தெரிந்துதான்.

சரி, காலங்காலமாக நடக்கிறதே என்பதற்கு வருகிறேன். நடக்கிறது, உண்மைதான். உங்கள் மாவட்டம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. அங்கே கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பண்ணைகளில் கட்டுண்டு கிடப்பவர்களுக்குச் சொந்தமாக நிலம் இல்லாமல் விடிவு இல்லை என்பது அவர் வாதம். அதையொட்டி 1892-இல் அந்த மக்களுக்கு ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். அந்த நிலங்களில் எவ்வளவு கைமாறிப் போயின என்பது உங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கே தெரிந்திருக்கும். 1931-இல் விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் குழந்தைகள் அடமானம் வைக்கப்படுவதை எடுத்துச் சொன்னது. 1933-இல், பெற்றோர் கடனுக்காகக் குழந்தையின் உழைப்பை ஈடு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று தனிச் சட்டமே போட்டார்கள். நீங்கள் சேம்பரில் பார்த்ததை அந்தக் காலத்து அரசாங்கமே தவறு என்று எழுதி வைத்து 90 வருஷம் தாண்டிவிட்டது. 1995-இல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாட்டில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ பார்த்தார்கள், யாரோ எழுதினார்கள், யாரோ ஒருவர் "நமக்கெதுக்கு" என்று சொன்னார். காலங்காலமாக என்று நாம் சொல்வதற்குள் இவ்வளவு பேர் எடுத்த முடிவுகள் இருக்கின்றன.

இருளர் குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் ஏன் முன்பணத்தை நம்பி வாழ்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காடும் ஏரிக்கரையும் வயல்வெளியும்தான் அவர்கள் வாழ்வாதாரமாக இருந்தது. 1882-ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம் காடுகளை அரசு வசமாக்கியது. அப்புறமும் பாம்புத் தோலுக்குச் சந்தை இருந்தவரை அதில் கொஞ்சம் பிழைப்பு ஓடியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அதுவும் நின்றது. பாம்பைக் காப்பாற்றியது சரியான காரியம்தான். ஆனால் அதை நம்பியிருந்தவர்கள் இனி எதைச் சாப்பிடுவார்கள் என்று அன்றைக்குக் கேட்டவர்கள் மிகக் குறைவு. 1978-இல் வடநெம்மேலியில் நச்சுமுறிவு மருந்துக்காகப் பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது நல்ல விஷயம். அது சில நூறு பேருக்குத்தான் வேலை தர முடியும். மற்றவர்கள் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போனார்கள். பட்டா இல்லாத வீடு, வங்கி படி ஏற்றாத நிலை, சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள். அவசரத்துக்குக் கேள்வி கேட்காமல் பணம் தருகிறவர், சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஒருவர்தான். முன்பணம் அவர்களைத் தேடி வரும் நேரத்தையும் கவனியுங்கள். மழைக்காலம், கூலி வேலை இல்லாத மாதங்கள், தீபாவளிச் செலவு. அப்போது வாங்கும் பணத்துக்குப் பொங்கல் முடிந்ததும் லாரி ஏற வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் உரிமையாளர் உங்களிடம் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்கிறேன். "நான் குழந்தைகளை வேலைக்கு வைக்கவில்லை, அப்பா அம்மாவோடு இருக்கிறார்கள், விளையாட்டுக்கு ஏதோ செய்வார்கள்." அவருடைய நோட்டில் பார்த்தால் குழந்தைகளின் பெயர் இருக்காது என்பதும் உண்மை. சூளைக் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. கூலி நாளுக்கு இல்லை, ஆயிரம் கல்லுக்கு. கணக்கு ஆளுக்கு இல்லை, புருஷன் பெண்டாட்டி ஜோடிக்கு. முந்தின நாள் சாயங்காலம் மண்ணைக் குழைத்து வைத்து, நடுராத்திரி தாண்டி இரண்டு மணி மூன்று மணிக்கு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் கல் அறுத்துப் போட வேண்டும். அறுத்த கல் ஒரு பக்கம் காய்ந்ததும் ஒவ்வொன்றையும் புரட்டி நிறுத்த வேண்டும். ஈரக் கல் வரிசைக்குள் பெரியவர்கள் நடந்தால் கல் நசுங்கும், ஓரம் உடையும். சின்னக் கால், சின்னக் கை, குறைந்த எடை. குழந்தைகளை அந்த வேலைக்கு விடுவதன் காரணம் அது. நடுவில் ஒரு மழை பெய்தால் சுடாத கல் கரைந்துபோகும், கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. இரண்டு பெரியவர்கள் மட்டும் உழைத்தால் முன்பணம் கழியாத அளவுக்குத்தான் அந்த ஆயிரம் கல் கூலி வைக்கப்பட்டிருக்கிறது. மிச்சத்தை அந்த ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஈடுகட்டுகிறாள். நோட்டில் அவள் பெயர் இல்லை, கல் எண்ணிக்கையில் அவள் உழைப்பு இருக்கிறது.

குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று சட்டத்தில் விலக்கு இருக்கிறதே என்று யாராவது வாதாடினால் அசர வேண்டாம். அது பள்ளி நேரம் போக, தன் குடும்பத்தின் சொந்தத் தொழிலில் கைகொடுப்பதற்கான விலக்கு. அடுத்தவர் சேம்பர் இவர்களின் குடும்பத் தொழில் ஆகாது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலை வாங்கினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் வரை அபராதம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உரிமையாளரிடம் போய்ப் பேசாதீர்கள். நல்ல வார்த்தை சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றும், கூடாது. பேசிய அன்று ராத்திரியே அந்தக் குடும்பத்தை வேறு மாவட்டத்துச் சூளைக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் தேடிக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகும். பள்ளி ஆசிரியர் அறையிலும் இதைப் பேச வேண்டாம்.

உங்களிடம் இருப்பவற்றை எழுதி வையுங்கள். சேம்பர் எங்கே இருக்கிறது, வழி என்ன, எத்தனை குடும்பங்களைப் பார்த்தீர்கள், எந்தத் தேதியில் போனீர்கள், யார் என்ன சொன்னார்கள். பிறகு உங்கள் வருகைப் பதிவேடு. இந்த மூன்று நான்கு வருஷப் பதிவேட்டில் அந்த இரண்டு பிள்ளைகளின் ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள பக்கங்களைப் பிரதி எடுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே மாதங்களில் அதே வரிசையாக விடுப்புக் குறி இருப்பதை எந்த அதிகாரியும் தற்செயல் என்று தள்ள முடியாது. வக்கீல்களுக்கு இப்படி ஓர் ஆவணம் கிடைப்பது அபூர்வம். இன்னொரு விஷயம். பதிவேட்டைப் புரட்டும்போது அதே மாதங்களில் காணாமல் போகும் மற்ற பெயர்களும் கண்ணில் படும். அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுதுங்கள். இந்தச் சட்டத்தில் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அரசு ஊழியர் என்பதால் உங்கள் பெயரில் கொடுக்கத் தயக்கம் இருந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார், அவர் வழியாக மனு போகும். மனுவில் கொத்தடிமை என்ற சொல்லைத் தெளிவாக எழுதுங்கள். "குறைந்த கூலி", "குழந்தைகள் படிப்பு பாதிப்பு" என்று மட்டும் எழுதினால் அது வேறு துறைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்து பிள்ளைகளை மட்டும் மீட்டுவிடலாமா என்று நினைக்கலாம். பிள்ளைகளுக்கு உடனடி ஆபத்து என்றால் தயங்காமல் செய்யுங்கள். அப்படி இல்லாதபோது, பிள்ளைகளை மட்டும் பிரித்து விடுதிக்கு அனுப்பிவிட்டு அப்பா அம்மாவைச் சேம்பரிலேயே விட்டுவரும் மீட்பை நான் ஆதரிப்பதில்லை. பிள்ளை போன பிறகும் கடன் அப்படியே இருக்கும், ஆயிரம் கல் கணக்கும் அப்படியே இருக்கும். அந்த அம்மா இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்திருப்பார். முழுக் குடும்பத்துக்கும் விடுதலை என்றே கேளுங்கள்.

விசாரணை நாளில் நடப்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நொந்துபோவீர்கள். அதிகாரிகள் ஜீப்பில் வந்து, உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போதே "உங்களுக்கு இங்கே ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டால், அந்த அப்பா "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்பார். நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடும். அவருடைய நிலையில் நின்று யோசியுங்கள். ஜீப் சாயங்காலம் போய்விடும், அவரும் பிள்ளைகளும் ராத்திரி அங்கேதான் படுக்க வேண்டும். அதனால் மனுவிலேயே கேட்டு வையுங்கள்: தொழிலாளர்களைச் சேம்பரிலிருந்து வெளியே அழைத்துப் போய், கோட்டாட்சியர் அலுவலகத்தில் வைத்து, புருஷன் பெண்டாட்டியைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும், கனிவாக. கேள்வியும் "அடிக்கிறார்களா" என்று இருக்கக்கூடாது. எவ்வளவு வாங்கினீர்கள், கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது, கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள், போகும்போது யாரை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டால் உண்மை தானாக வரும்.

விசாரணை முடிந்ததும் விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும், அந்தப் பெண் குழந்தைக்கும் அவள் தம்பிக்கும் சேர்த்து. அந்தத் தாள் இல்லாமல் எந்த உதவியும் நகராது. உடனடி உதவியாக ஒருவருக்கு 30 ஆயிரம் ரூபாய் வரை மாவட்ட நிர்வாகம் தரலாம். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி முழுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற மிக மோசமான நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். முழுத் தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால் காலம் பிடிக்கும். உடனடி உதவிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே "வழக்கு முடியட்டும்" என்று யாராவது அதையும் தள்ளினால் விடாதீர்கள். காவல்நிலையத்தில் வழக்குப் பதியும்போது, கொத்தடிமைச் சட்டத்தோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். பட்டியல் பழங்குடியினரைக் கொத்தடிமையாக வேலை வாங்குவது அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். அதில் கிடைக்கும் நிவாரணமும் தனி.

"குடும்பம் தெருவுக்கு வந்துவிடுமா" என்று கேட்டீர்கள். இந்தக் கவலை நியாயமானது, இதை நான் லேசாகச் சொல்லிக் கடக்க மாட்டேன். ஃபரீதாபாத் கல் குவாரிகளிலிருந்து உச்ச நீதிமன்ற உத்தரவால் விடுவிக்கப்பட்ட தொழிலாளர்கள் மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மாதங்கள் போயும் மறுவாழ்வு எதுவும் கிடைக்காமல் பட்டினி கிடந்தார்கள். அதன்மேல் வந்த 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அடையாளம் கண்டு விடுவிப்பதோடு அரசின் கடமை முடியாது, மறுவாழ்வும் தந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி அதே நிலைக்குத்தான் தள்ளப்படுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. என் அனுபவத்திலும் அதுதான். விடுதலையான குடும்பத்துக்கு ஆபத்தான காலம் விடுதலைக்குப் பிறகு வரும் முதல் மழைக்காலம். அரிசி தீர்ந்திருக்கும், யாருக்காவது காய்ச்சல் வந்திருக்கும், மேஸ்திரி ஐயாயிரத்தோடு வாசலில் நிற்பார்.

அந்த மழைக்காலத்துக்குள் சில காகிதங்கள் கையில் இருந்தாக வேண்டும். முதலில் சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதைக் கொடுப்பவரும் கோட்டாட்சியர்தான், விடுதலைச் சான்றிதழுக்குப் போகும் அதே அலுவலகம். இரண்டையும் ஒரே மூச்சில் கேளுங்கள். தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகள் என்று அறிவிக்கப்பட்ட ஆறு சமூகங்களில் இருளரும் உண்டு. 2023-இல் தொடங்கிய மத்திய அரசின் ஜன்மன் திட்டத்தில் இவர்களுக்கு வீடு கிடைக்க வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். ரேஷன் அட்டை சொந்த ஊரில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் ஆறு மாதம் ஊரில் இல்லாததால் பெயரை நீக்கியிருப்பார்கள். வீட்டுமனைப் பட்டா நேரம் எடுக்கும், ஆனாலும் மனு இப்போதே போகட்டும்.

பிள்ளைகளின் படிப்பு உங்கள் கையில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி வருஷத்தின் எந்த மாதத்திலும் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்றோ பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லை என்றோ மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஜூனில் ஆறாம் வகுப்பு. ஐந்து வருஷமும் பாதிப் பாதி படித்த பிள்ளை, வாசிப்பில் பின்தங்கி இருப்பாள், அதனாலேயே வெட்கப்பட்டு நின்றுவிடுவாள். இந்தக் கட்டத்தில்தான் பெண் பிள்ளைகளை அதிகம் இழக்கிறோம். இரண்டு மாதம் தினமும் அரை மணி நேரம் அவளோடு உட்கார உங்களால் முடிந்தால், நான் எழுதும் எந்த மனுவைவிடவும் அது அவளுக்குப் பயன்படும். தம்பிக்குப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு. சேம்பரில் இருக்கும் ஆறு மாதமும் அவன் இழப்பதில் அந்த இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்தி என்பதை மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

குடிநீர் இயந்திரத்தைப் பற்றி நீங்கள் சங்கடப்படுவது புரிகிறது. அவர் கொடுத்தது பள்ளிக்கு உதவிதான், அதற்கு நன்றி சொல்லியிருப்பீர்கள், அது சரிதான். அதற்கு ஈடாக அவருடைய சேம்பரில் இரண்டு மாணவர்கள் இருப்பதைப் பார்க்காமல் இருக்கப் பள்ளி ஒப்புக்கொள்ளவில்லை. தலைமையாசிரியரிடம் வாக்குவாதம் வேண்டாம். நீண்ட நாள் வராத குழந்தையைத் தேடிப்போய்ப் பள்ளிக்குக் கொண்டுவருவது ஆசிரியரின் வேலை. நீங்கள் அதைத்தான் செய்தீர்கள், இனிச் செய்யப்போவதும் அதன் தொடர்ச்சிதான்.

இந்த வாரத்துக்குள் மனுவின் முதல் வரைவை எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். குழந்தைகளின் பெயரை மனுவில் எழுதலாம், அதன் பிரதியை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். நீண்ட நாள் வராதவர்கள் என்று அவர்கள் இருவரின் பெயரையும் யாராவது எமிஸிலிருந்து (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவிலிருந்து) நீக்கச் சொன்னால், விசாரணை முடியும்வரை நீக்கக்கூடாது என்று எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கான கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.